விழத் தெரிந்த டிரிப்பர்

எங்கள் லைன் வீட்டில் இது நடந்தது. நடக்கவில்லை என்று அடித்துப் பேசுகிறவர்கள் யாரும் எங்கள் லைன் வீட்டில் ஒரு நாள்கூடக் குடியிருந்தவர்கள் இல்லை. குடியிருந்தவர்கள் யாரும் நடக்கவில்லை என்று சொல்ல மாட்டார்கள், சொல்வதானால் என் முன்னால் வந்து சொல்லட்டும். நான் எதையும் லேசில் நம்புகிறவள் இல்லை. பாலில் விரலை விட்டுப் பார்க்காமல் வாங்க மாட்டேன், காய்க்காரர் தராசைத் தூக்கினால் தராசைப் பார்க்காமல் அவர் முழங்கையைப் பார்ப்பேன், கட்டின புருசன் அர்த்தநாரி தறிப் பட்டறையிலிருந்து சிரித்துக்கொண்டு வந்தால் ஏன் சிரிக்கிறார் என்று தெரிகிறவரை சோறு போட மாட்டேன். தைலம்மாளுக்குச் சந்தேகம் மூச்சு மாதிரி என்று லைனில் எல்லாரும் சொல்வார்கள். சொல்லட்டும். அப்படிப்பட்ட நானே நம்பினேன் என்றால் நீங்கள் நம்புவதில் ஒன்றும் குறைந்துவிடாது.

காவிரிக்கு இந்தப் பக்கம், தறிச் சத்தம் ஓடினால்தான் தூக்கம் வரும், நின்றால் திடுக்கிட்டு எழுந்து உட்காருவோம் என்கிற ஊர் எங்களுடையது. எதிரும் புதிருமாக ஒன்பது வீடு, நடுவில் குழாயடி, குழாயடிக்குப் பக்கத்துச் சுவரில் கரண்ட் பெட்டி. வீட்டுக்காரர் பொன்னுரங்கம் ஒன்பது வீட்டுக்கும் சேர்த்து ஒரே இணைப்பு வாங்கி, வீட்டுக்கு ஒரு பீஸ் கட்டையும் எல்லாவற்றுக்கும் தலையில் ஒரே ஒரு டிரிப்பரும் வைத்திருந்தார். அந்த டிரிப்பர் விழுந்தால் ஒன்பது வீடும் அணையும். ஒன்பது வீட்டிலும் தறிக்குத் தார் சுற்றுகிற, அதாவது ஊடை நூலைக் குச்சியில் சுற்றுகிற, சின்ன மோட்டார் உண்டு, அது நின்றால் நூல் அறுந்து சுருண்டுகொள்ளும், பிறகு முடி போட்டுச் சேர்ப்பதற்குள் கண் பூத்துவிடும். அதனால் யார் வீட்டில் இஸ்திரிப் பெட்டி போடுகிறார்கள், யார் வீட்டில் தண்ணீர் சுட வைக்கிறார்கள் என்று நாங்கள் ஒருவரையொருவர் முன்பிருந்தே கண்காணித்து வந்தோம். சந்தேகம் எங்களுக்குப் புதிதல்ல.

ஆடி மாதத்தில் ஒரு காலை, முதல் வீட்டு ராசாத்திக்குப் போன் வந்தது. அவள் போனைக் காதில் வைத்தாள், 'ஆமாங்க, தங்கச்சிதான் பேசறேன்' என்றாள், அவ்வளவுதான், அவள் வாய் திறந்து அலறுவதற்கு முன்னால் டிரிப்பர் 'டப்' என்று விழுந்து ஒன்பது வீட்டு மோட்டாரும் நின்றன. அந்த அமைதியில்தான் அவள் அலறல் எங்களுக்குக் கேட்டது. அவள் அண்ணன் லாரியில் அடிபட்டுப் போய்விட்டார். மோட்டார்கள் ஓடிக்கொண்டிருந்தால் யாருக்கும் ஒரு எழவும் கேட்டிருக்காது, அவள் பாட்டுக்குச் சுவரில் முட்டிக்கொண்டு கிடந்திருப்பாள். கரண்ட் போனதால் எல்லாரும் வெளியே வந்தோம், வந்ததால் ஓடிப்போய்ப் பிடித்தோம். அன்றைக்கு யாரும் இரண்டையும் சேர்த்து நினைக்கவில்லை. கொஞ்ச நாள் கழித்து எட்டாம் வீட்டுக்காரருக்கு வேலை போன செய்தி வந்தபோதும் அதே மாதிரி விழுந்தது, நாலாம் வீட்டுப் பெண் தனக்கு வந்த வரன் தட்டிப்போனதைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டபோதும் விழுந்தது. அப்புறம் எங்களுக்கே புரிந்துவிட்டது. கரண்டுக்காக விழுவதை விட்டுவிட்டு, லைனில் எவராவது தாங்க முடியாத அளவுக்குத் தாங்கும்போது எங்கள் டிரிப்பர் விழ ஆரம்பித்திருந்தது.

லைட்டு வேலை பார்க்கிற மோகனசுந்தரத்தைக் கூப்பிட்டோம். கெட்டிக்காரன், அதை அவனே சொல்வான். இடுக்கி மீட்டரை ஒயரில் மாட்டிப் பார்த்தான், ஒரு காற்றாடி ஓடுகிற அளவுக்குக்கூட கரண்ட் போகவில்லை. டிரிப்பரைக் கழற்றி வேறு இடத்தில் மாட்டிப் பார்த்தான், சாதுவாக நின்றது. மறுபடி இங்கே மாட்டினான், நாலாம் வீட்டுப் பெண்ணை அவள் அத்தை விசாரிக்க வந்த நேரம் பார்த்து விழுந்தது. மோகனசுந்தரம் ஆச்சரியப்படவில்லை. அவன் பையிலிருந்து கெட்டுப்போன பழைய டிரிப்பர் ஒன்றை எடுத்துத் திருப்புளியால் வயிற்றைப் பிளந்து, குழாயடிக் கல்லில் வைத்து எங்களுக்குக் காட்டினான்.

"இதுக்குள்ள ரெண்டு காவக்காரனுங்க இருக்கறானுங்க. ஒருத்தன் அவசரக்காரன், ஒருத்தன் நிதானக்காரன். இந்தச் செம்புச் சுருளு இருக்குதில்லீங்க, இவன் அவசரக்காரன். ஒயரும் ஒயரும் ஒட்டி ஒரேடியாக் கரண்டு பாஞ்சா இவன் காந்தமாயிருவான், உள்ள இருக்கற கம்பியப் படக்குனு இழுத்துருவான், நாம கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள முடிஞ்சிரும். இந்தத் தகடு நிதானக்காரன். ரெண்டு சாதி உலோகத்த முதுகோட முதுகா ஒட்டி வெச்சிருக்குது. சூடேறுனா ரெண்டும் நீளும், ஆனா ஒண்ணு ஜாஸ்தி நீளும், இன்னொண்ணு கம்மியா நீளும். ஒட்டிக் கெடக்கறதால உட்டுட்டுப் போகவும் முடியாது, அப்ப என்ன பண்ணும்? வளையும். வளைஞ்சு வளைஞ்சு கடசீல கொக்கியத் தட்டி உட்டுரும்."

"அந்த அடுக்கடுக்கா இருக்கறது என்ன தம்பி?" என்று கேட்டாள் இரண்டாம் வீட்டுக் கந்தாயி.

"கரண்டு பிரியறப்ப லேசுல பிரியாதுங்கக்கா, நடுவுல தீப்பொறி பாலங் கட்டும். அந்தப் பொறியத் துண்டு துண்டா வெட்டி அணைக்கறதுக்கு இந்தத் தகடுங்க. இல்லீன்னா டிரிப்பரே பத்திக்கும்." அவன் கையைத் துடைத்துக்கொண்டான். "உங்களுக்கு வெளிச்சம் தர்றதுக்கு வெச்சது இல்லீங்க இது. செவுத்துக்குள்ள போற ஒயரு வெந்துபோயிரக் கூடாதுன்னு வெச்சது. இது விழுந்து ஒயரக் காப்பாத்தும். ராசாத்தியக்காவுக்குப் போன் வந்தப்ப விழுந்தவன் அவசரக்காரன், அவ்வளவுதான் விசயம்."

அவ்வளவுதான் விசயம் என்று அவன் போய்விட்டான். நாங்கள் பெட்டிக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் கட்டி, அதோடு குடித்தனம் நடத்தக் கற்றுக்கொண்டோம். மாமியார்கள் மருமகள்களிடம் பேசும் முன்னால் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார்கள், கடன்காரர் வாசலில் நின்று சத்தம் போட்டால் 'கொஞ்சம் மெதுவாப் பேசுங்க, ஒம்பது வூட்டு நூலும் அறுந்துரும்' என்று ஆளைத் தள்ளிக்கொண்டு போனோம், துக்கச் செய்தி ஏதாவது வந்தால் முதலில் எல்லா மோட்டாரையும் நிறுத்தச் சொல்லிவிட்டு அப்புறம் சம்பந்தப்பட்டவரை அழைத்து உட்கார வைத்துச் சொன்னோம். அடுத்த தெருவிலிருந்து ஒரு அம்மா தன் மருமகளைக் கூட்டிக்கொண்டு வந்து, 'இவ தெனமும் கண்ணக் கசக்கறா, நெசமா நடிப்பான்னு தெரியல, ஒரு மணி நேரம் உங்க வூட்டுல உக்கார வெச்சுப் பாத்துக்கறேன்' என்றார். உட்கார வைத்தோம். விழுந்தது. அந்த அம்மா மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு, உங்கள் பெட்டி கெட்டுப்போயிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

எல்லாம் இந்த அளவில் இருந்திருந்தால் நான் இதைச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன். ஐப்பசி பிறந்ததிலிருந்து டிரிப்பர் தினமும் விழ ஆரம்பித்தது. யாருக்கும் போன் வரவில்லை, யாரும் சாகவில்லை, கடன்காரர் வரவில்லை. மதியம் சோறு தின்று கை கழுவி மோட்டாரைப் போட்டால் ஒரு முறை, வெயில் இறங்கும்போது ஒரு முறை. தூக்கிவிட்டால் உடனே நிற்காது, கொஞ்ச நேரம் ஆற விட்டால்தான் கொக்கி பிடிக்கும். கந்தாயியின் புருசன் சின்னுசாமி டிரிப்பரின் மூக்கை மேலே தூக்கித் தறி நூலால் ஆணியோடு இழுத்துக் கட்டினான். மூக்கு என்னவோ மேலேதான் நின்றது, ஆனால் வீடு இருண்டுதான் கிடந்தது, ஏனென்றால் அது உள்ளுக்குள் விழுந்துவிடும், வெளியே பிடித்து நிறுத்துவதெல்லாம் சும்மா கண்துடைப்பு என்று மோகனசுந்தரம் வந்து சிரித்தான்.

"இது நிதானக்காரன் வேலைங்க. எவரோ ஒருத்தரு ரொம்ப நாளா சூடாயிட்டே இருக்கறாங்க" என்றான்.

எவர்? அந்த ஒரு வார்த்தையில் லைன் வீடே மாறிப்போனது. குழாயடியில் பேச்சு நின்றது. ஒருத்தி குடத்தைத் தூக்கும்போது பெருமூச்சு விட்டால் மற்ற எட்டுப் பேரும் அவளை ஏற இறங்கப் பார்த்தோம். சிரிக்காதவளைப் பார்த்து இவளாக இருக்குமோ என்றோம், ரொம்பச் சிரித்தவளைப் பார்த்து இவளாகத்தான் இருக்கும் என்றோம். நான் வெளிப்படையாகவே சொல்கிறேன், எல்லாரும் கந்தாயி வீட்டைத்தான் நினைத்தோம். கந்தாயியும் சின்னுசாமியும் சண்டை போடாத நாள் கிடையாது, ஒரு தடவை சட்டுவக் கரண்டி பறந்து வந்து எங்கள் வாசலில் விழுந்திருக்கிறது. ஆனால் நினைப்பது வேறு, நிரூபிப்பது வேறு. அதற்கும் மோகனசுந்தரமே வழி சொன்னான்: ஒன்பது பீஸ் கட்டையையும் பிடுங்கிவிடுவது, டிரிப்பரைத் தூக்கிவிடுவது, அப்புறம் ஒவ்வொரு வீட்டுக் கட்டையாகச் சொருகிப் பார்ப்பது, எந்த வீட்டைச் சொருகினால் விழுகிறதோ கோளாறு அந்த வீட்டில்.

ஞாயிற்றுக்கிழமை, பட்டறை லீவு. எல்லாரும் பெட்டி முன்னால் பாய் போட்டு உட்கார்ந்துகொண்டோம். ராசாத்தி வீட்டைச் சொருகினான், நின்றது. அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே, ஏதோ பரீட்சையில் தேறிய மாதிரி. கந்தாயி வீட்டைச் சொருகினான். நாங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தோம். சின்னுசாமிக்கு அவமானம் தாங்கவில்லை, 'என்ன எல்லாரும் எங்க வூட்டையே மொறைக்கறீங்க' என்று ஆரம்பித்தான், கந்தாயி 'உன்ற லட்சணத்துக்கு வேற எப்படிப் பாப்பாங்க' என்று எழுந்தாள், பெட்டிக்கு முன்னாலேயே இரண்டு பேரும் மல்லுக்கு நின்றார்கள், டிரிப்பர் அசையவே இல்லை. அவர்கள் சூடு அன்றன்றைக்கே வெளியே போய்விடும் போலிருக்கிறது. மூன்று, நான்கு, ஐந்து. ஐந்து எங்கள் வீடு; நின்றது, நிற்கும் என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் அவன் அடுத்த கட்டையை எடுக்கிறவரை பெட்டியை விட்டு நான் கண்ணை எடுக்கவில்லை. ஆறைச் சொருகினான். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை, அவன் ஏழாம் கட்டையைக் கையில் எடுத்தான், அப்போது 'டப்'.

ஆறாம் வீடு செல்லம்மணியுடையது. எங்களால் நம்ப முடியவில்லை. செல்லம்மணி என்றால் சிரித்த முகம், அவ்வளவுதான் அவளைப் பற்றி யாருக்கும் தெரியும். அவள் புருசன் செங்கோடன் பட்டறைக்கு ஓடு மாற்ற ஏறி விழுந்து, கழுத்துக்குக் கீழே மரத்துப்போய், வருசக்கணக்காகக் கட்டிலோடு கிடந்தார். குளிப்பாட்டுவது, புரட்டிப் போடுவது, துணி மாற்றுவது, ஊட்டிவிடுவது, நடுவில் தார் சுற்றுவது எல்லாம் அவள்தான். ஒரு நாள் முகம் சுளித்துப் பார்த்ததில்லை. எங்கள் வீட்டுப் பெண்பிள்ளைகளைத் திட்டும்போதெல்லாம் 'செல்லம்மணியப் பாரு, எப்படித் தாங்கறா, அவ காலுல விழுந்து கும்பிடு' என்றுதான் திட்டுவோம். அவளிடமும் அதைச் சொல்வோம். 'நீ தெய்வம் அம்மிணி, வேற ஒருத்தின்னா ஓடிப்போயிருப்பா' என்போம். அவள் சிரிப்பாள்.

இப்போது அவள் வீட்டில்தான் கோளாறு என்று தெரிந்ததும், களைத்துப்போயிருப்பாள் என்று ஒருவருக்காவது தோன்ற வேண்டுமில்லையா? சத்தியமாகத் தோன்றவில்லை. அவள் என்ன செய்கிறாள் என்றுதான் தோன்றியது. ராசாத்தி, அவள் அவருக்குச் சோறு போடுவதில்லை என்றாள். ஒன்பதாம் வீட்டில், அவளுக்கு வெளியே யாரோ இருக்க வேண்டும், மனசாட்சி உறுத்துகிறது, அதற்குத்தான் விழுகிறது என்றார்கள். சின்னுசாமி ஒரு படி மேலே போய், செங்கோடன் உயிரோடுதான் இருக்கிறாரா, யாராவது பார்த்து எத்தனை நாளாகிறது என்று கேட்டான். அவ்வளவுதான், எங்களுக்குக் கால் தரிக்கவில்லை. ஒரு சீப்பு வாழைப்பழத்தை வாங்கிக்கொண்டு நலம் விசாரிக்கிற சாக்கில் நாலு பேர் உள்ளே போனோம். செங்கோடன் உயிரோடுதான் இருந்தார். முகம் மழித்து, தலை வாரி, நெற்றியில் திருநீறோடு இருந்தார். விரிப்பு வெள்ளையாக இருந்தது. முதுகில் ஒரு புண் இல்லை. வெளியே வந்து, இவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறவளுக்கு அப்படி என்ன பாரம், இதில் ஏதோ சூது இருக்கிறது என்று இன்னும் அதிகமாகச் சந்தேகப்பட்டோம்.

எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் ஒரே சுவர். நான் டம்ளரைச் சுவரில் கவிழ்த்துக் காதை வைத்து நாள் பூராவும் கேட்டேன். திட்டு இல்லை, அழுகை இல்லை. கேட்டதெல்லாம் இதுதான்: "செல்லம்மணீ" என்று அவர் கூப்பிடுவார், "இருக்கறனுங்க மாமா" என்று அவள் சொல்வாள், "ஒண்ணுமில்ல, இருக்கறயான்னு பாத்தேன்" என்பார் அவர். மறுபடி மோட்டார் சத்தம். கொஞ்ச நேரத்தில் மறுபடி "செல்லம்மணீ". இவர்களுக்குள் இவ்வளவு பாசமா என்று எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது, அர்த்தநாரி என்னை அப்படிக் கூப்பிட்டதே இல்லை.

பார்வையும் குத்தலும் அவள் காதுக்குப் போகாமல் இருக்குமா? ஒரு நாள் டிரிப்பர் விழுந்து எல்லாரும் வெளியே வந்து அவள் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, கதவைத் திறந்துகொண்டு அவளே வந்தாள். சிரித்தாள்.

"என்னாலதான் எல்லார்த்துக்கும் இமிசை. வூட்டுக்காரருகிட்டச் சொல்லிப் பெருசா ஒண்ணு மாட்டிருங்கக்கா. நான் பாத்துக்கறேன்" என்றாள்.

பொன்னுரங்கம் வந்தார். மோகனசுந்தரம் தலையைச் சொறிந்தான். "ஒயரு சின்னதுங்க மொதலாளி. சின்ன ஒயருக்குப் பெரிய டிரிப்பரு மாட்டுனா அது விழுகவே விழுகாது, ஒயருதான் வேகும்" என்றான். "அது என்னோட செவுரு, உனக்கென்ன?" என்றார் பொன்னுரங்கம். அவன் இன்னொரு முறை தலையைச் சொறிந்துவிட்டு, சின்னதைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு பெரியதை மாட்டினான். தெரிந்தேதான் மாட்டினான். நாங்களும் தெரிந்தேதான் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அப்புறம் டிரிப்பர் விழவே இல்லை. மோட்டார்கள் தங்கு தடையில்லாமல் ஓடின, நூல் அறவில்லை, பேச்சு குழாயடிக்குத் திரும்பி வந்தது, செல்லம்மணி மறுபடி தெய்வமானாள். எனக்கு மட்டும் இந்த நிம்மதி பிடிக்கவில்லை. முதலில் எங்கள் பொதுச் சுவரிலிருந்து பல்லிகள் போயின. பிறகு அந்தச் சுவரில் மாட்டியிருந்த காலண்டர் ஓரமெல்லாம் சுருண்டது. அப்புறம் ஒரு நாள் சாய்ந்து உட்கார்ந்த அர்த்தநாரி 'என்னடி, செவுத்துல தோசை சுடலாம் போல இருக்குது' என்று துள்ளி எழுந்தார். மார்கழி மாசம், ஊரே போர்த்திக்கொண்டு இருமுகிறது, அந்தச் சுவர் கொதித்தது. குழாயடியில் செல்லம்மணியின் கையைத் தற்செயலாகத் தொட்டேன், சட்டியைத் தொட்ட மாதிரி சுரீர் என்றது. அவள் குடத்துத் தண்ணீரில் ஆவி வந்தது. உதடெல்லாம் வெடித்து, கண்ணைச் சுற்றிக் கருகி, அந்த முகத்தில் அந்தச் சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது. நான் பயந்துபோனேன். இவள் இப்படியே ஒரு நாள் சிரித்துக்கொண்டே எரிந்துபோவாள், நாங்கள் மோட்டார் சத்தத்தில் தார் சுற்றிக்கொண்டிருப்போம் என்று எனக்கு அப்பட்டமாகத் தெரிந்தது.

பொன்னுரங்கத்தை இழுத்துக்கொண்டு வந்து அவர் உள்ளங்கையைச் சுவரில் வைக்கச் சொன்னேன். வைத்த வேகத்தில் எடுத்தார்.

"ஏனுங்க, உங்க செவுரு, உங்களுக்கென்ன?" என்றேன்.

அவருக்குச் செல்லம்மணி மேல் இரக்கம் வந்ததா என்றால், எனக்குச் சந்தேகம்தான். கூரை போய்விடுமே என்று பயம் வந்தது, அது போதும். மோகனசுந்தரம் சின்னதைத் திரும்ப மாட்டினான். தூக்கிவிட்ட உடனே விழுந்தது. ஆற விட்டுத் தூக்கினான், விழுந்தது. அன்று பூராவும் ஒன்பது வீடும் இருட்டு, மறுநாள் காலையிலும் இருட்டு.

"நான் என்னங்க பண்றது? டிரிப்பரத் திட்டி என்ன ஆவப்போகுது? லோடக் கொறைங்க" என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. கருணை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், பாதி அதுவாக இருக்கலாம், மீதி என் புத்தி. அந்த வீட்டில் இருப்பது இரண்டே பேர். செல்லம்மணியை ஒரு நாள் வெளியே அனுப்பிவிட்டு அவள் இடத்தில் நான் உட்கார்ந்தால், டிரிப்பர் நின்றுவிடும்; கோளாறு இவளிடம்தான் என்று தெளிவாகிவிடும்; அப்புறம் உட்கார வைத்துக் கேட்கலாம், உன் மனசில் என்னடி வைத்திருக்கிறாய் என்று. லைன் பூராவும் இதற்குச் சம்மதித்தது. எல்லாருக்கும் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

காலை வெயிலில் அவள் கதவைத் தட்டினேன். "அம்மிணி, பவானியில உங்கக்கா இருக்காள்ல, போய்ப் பாத்துட்டுப் பொழுது சாயறதுக்குள்ள வா. மாப்பிள்ளைய நான் பாத்துக்கறேன்."

"எதுக்குங்கக்கா?" என்றாள். சந்தேகம் எனக்கு மட்டும் சொந்தமா என்ன? என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். "நான் போயிட்டா என்ன பேசுவீங்க?"

"ஒண்ணும் பேச மாட்டோம், போ."

கட்டிலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், செங்கோடன் காதருகே குனிந்து என்னவோ சொன்னாள், செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். அவள் வாசலைத் தாண்டியதும் சின்னுசாமி டிரிப்பரைத் தூக்கிவிட்டான். நின்றது. நான் உள்ளேயிருந்தே எல்லாரையும் பார்த்து, சொன்னேன் பார்த்தீர்களா என்று தலையை ஆட்டினேன்.

முதலில் நன்றாகத்தான் இருந்தது. ராகிக் கூழைக் கரைத்து ஊட்டினேன், வாயோரம் துடைத்தேன். 'உங்களுக்கெல்லாம் சிரமம்' என்று அவர் கண்ணை மூடிக்கொண்டார். பாவம், நல்ல மனுசன். துணி மாற்றினேன், அவர் வெட்கத்தில் முகத்தை மட்டும் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார், நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். புரட்டிப் போட்டேன், செத்த உடம்பு இவ்வளவு கனக்குமா, என் இடுப்பில் எதுவோ பிடித்துக்கொண்டது. சரி என்று மோட்டாருக்கு முன்னால் உட்கார்ந்து நூலைப் பிடித்தேன்.

"செல்லம்மணீ."

"அவ வெளியில போயிருக்கறாங்க. நான் தைலம்மா இருக்கறனுங்க."

"ஒண்ணுமில்ல. யாராச்சும் இருக்கறாங்களான்னு பாத்தேன்."

நூலைத் திரும்பப் பிடித்தேன். மறுபடி கூப்பிட்டார். தண்ணீர் வேண்டுமா என்றேன், வேண்டாம் என்றார். நூலைப் பிடித்தேன், கூப்பிட்டார். எழுந்து போனேன், ஒன்றுமில்லை என்றார். உட்கார்ந்தேன், கூப்பிட்டார். அவர் மேல் தப்பில்லை, நன்றாகப் பாருங்கள், எழுந்து நடக்க முடியாத மனுசனுக்குத் தன்னை விட்டுவிட்டு எல்லாரும் போய்விடுவார்களோ என்ற பயம், அந்தப் பயத்துக்கு நான் 'இருக்கறேன்' என்று சொல்லச் சொல்ல அது அடங்கி, அடங்கினதும் மறுபடி தலை தூக்கியது. மாற்றின துணி மறுபடி நனைந்தது. மறுபடி மாற்றினேன். புரட்டினேன். கூப்பிட்டார். சோறு வடிக்க அரிசியைக் களைந்துகொண்டிருந்தபோது கூப்பிட்டார், அப்போது என் நெஞ்சுக்குள் ஒரு நினைப்பு வந்தது, அதை நான் வரவழைக்கவில்லை, அதுவாகவே வந்தது, வந்த உடனே குழாயடிப் பக்கம் 'டப்' என்றது. ஒன்பது வீட்டு மோட்டாரும் நின்றன.

அரிசி களைந்த கையோடு வெளியே வந்தேன். எல்லாரும் ஆறாம் வீட்டு வாசலில் நின்றார்கள். ஒருவர் முகத்திலும் ஈரம் இல்லை.

"அவதான் இல்லையே" என்றாள் ராசாத்தி. அப்புறம் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அந்தப் பார்வையை நான் எத்தனை பேர் மேல் போட்டிருக்கிறேன், என் மேல் விழுந்தது அதுதான் முதல் முறை. "அந்த மனுசன நீ என்னக்கா பண்ணுனே?"

"ஒண்ணும் பண்ணல. என்னால முடியல" என்றேன். பொய் சொல்லியிருக்கலாம், அவருக்குத்தான் தாங்கவில்லை என்று கையைக் காட்டியிருக்கலாம், யாருக்கும் தெரியாது. வாயில் வரவில்லை. "எனக்குத்தான் விழுந்துச்சு. யாராச்சும் ஒருத்தர் உள்ள போய் உக்காருங்க, நான் கொஞ்ச நேரம் வெளிய இருக்கறேன்."

யாரும் அசையவில்லை. உள்ளே அவர் கூப்பிட்டார். கந்தாயிதான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, 'இதா வந்துட்டனுங்க' என்று கத்திக்கொண்டே போனாள். மதியத்துக்கு மேல் அவளுக்கும் விழுந்தது. அப்புறம் ராசாத்தி போனாள்.

பொழுது சாயும் நேரத்தில் செல்லம்மணி வந்தாள். அக்கா வீட்டில் எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றிவிட்டிருக்கிறாள், கூந்தல் ஈரமாக இருந்தது. நான் குழாயடிக் கல்லில் உட்கார்ந்திருந்தேன். அவள் பெட்டியைப் பார்த்தாள், தன் வீட்டு வாசலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இன்னிக்கி விழுந்துச்சுங்களாக்கா?"

"விழுந்துச்சு."

அவள் முகம் செத்துப்போனது. "நான் இங்க இல்லவே இல்லீங்களே."

"நீ இல்ல அம்மிணி. நான் இருந்தேன். சோறு வடிக்கற வரைக்கும்கூடத் தாங்கல. அப்பறம் கந்தாயிக்கும் விழுந்துச்சு."

விளையாடுகிறேனா என்று என்னை வெகுநேரம் பார்த்தாள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் கை என் கையில் பட்டது, இன்னும் சூடாகத்தான் இருந்தது, ஆனால் தொட முடிந்தது.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்றேன், யாருகிட்டயும் சொல்லாதீங்க" என்றாள். "அவரு கூப்புடறப்ப சில நேரம், இந்த மனுசன் செத்துப்போனாத் தேவலைன்னு எனக்குத் தோணுமுங்க. தோணுன ஒடனே அது விழுந்துரும். ஊரே வந்து வாசல்ல நிக்கும். நான் கெட்டவ, அதத்தான் அது ஊருக்குக் காட்டிக் குடுக்குதுன்னு நெனச்சேனுங்க. அதுக்குத்தான் பெருசா மாட்டச் சொன்னேன்."

நான் அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். "எனக்கும் அதேதான் தோணுச்சு, அம்மிணி. எனக்கு அர நாள்லயே தோணிருச்சு."

செல்லம்மணி என்னைப் பார்த்தாள். அவள் முகத்திலிருந்து அந்தச் சிரிப்பு மெல்ல இறங்கியது, இத்தனை வருசத்தில் அது இல்லாத முகத்தை நான் பார்த்ததே இல்லை. குழாயடிக் கல்லிலேயே என் மடியில் கவிழ்ந்து ஒன்பது வீட்டுக்கும் கேட்கிற மாதிரி ஓவென்று அழுதாள். டிரிப்பர் விழவில்லை, மோட்டார்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு வீடாக அவற்றை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்கள்.